பத்திரத்தைப் பார்த்தாச்சு, வீட்டைப் பார்த்தது யார்?

கீழக்கரையில் ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது என்றால், வாங்குபவரிடம் சொந்தபந்தம் கேட்கும் முதல் கேள்வி, "வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சா?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான், தப்பில்லை. முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் எடுக்கிறார்கள். தாய்ப்பத்திரம் கேட்கிறார்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து, வக்கீலிடம் கொடுத்து லீகல் ஒப்பீனியனும் வாங்குகிறார்கள். வங்கிக் கடன் என்றால் வங்கியின் மதிப்பீட்டாளர் ஒரு நடை வந்து போகிறார். இத்தனை பேர் பார்த்த பிறகும், சுவரில் ஓதம் எத்தனை அடி ஏறியிருக்கிறது, உத்தரத்தின் நுனி சுவருக்குள் உளுத்துப் போயிருக்கிறதா, மாடிக் கான்கிரீட்டுக்குள் கம்பி எந்த நிலையில் இருக்கிறது என்பதை வாங்குபவருக்காகப் பார்த்துச் சொன்னவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். வக்கீல் பார்ப்பது காகிதத்தை. மதிப்பீட்டாளர் பார்ப்பது, கொடுத்த கடனுக்கு ஈடு தாங்குமா என்பதை. பதிவுத்துறை பார்ப்பது, முத்திரைத்தீர்வை குறைகிறதா என்பதை. அவரவர் வேலையை அவரவர் சரியாகவே செய்கிறார்கள். ஆனால் காசைப் போட்டு அந்தக் கூரைக்குக் கீழே பிள்ளைகளைப் படுக்க வைக்கப் போகிறவருக்கு என்று ஒரு கண் வேண்டாமா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு கட்டுமானப் பொறியாளர் வீட்டை ஆய்வு செய்து எழுத்தில் அறிக்கை தருவது, வில்லங்கம் போடுவதைப் போலவே ஊர் வழக்கமாக வேண்டும். அந்த வழக்கம் இல்லாததால் நாம் பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, பயப்பட வேண்டாத இடத்தில் பயந்துகொண்டிருக்கிறோம்.

எல்லா ஊரிலும் பழைய வீடு உண்டு. கீழக்கரையின் பழைய வீடு தனி ரகம். முத்தும் சங்கும் விற்றுச் செழித்த துறைமுகம் இது. 17ஆம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதியின் பெயரோடு உயர்ந்த ஊர். கல்லால் ஆன பழைய ஜும்மா பள்ளி இன்றும் அந்தக் காலத்துக்குச் சாட்சி. கப்பல் காசு, பின்னாளில் இலங்கை, பர்மா, மலேயா காசு, அதற்கும் பின் வளைகுடாக் காசு என்று ஒவ்வொரு அலையும் வீடுகளின் மேல் ஒரு படிவை விட்டுப் போயிருக்கிறது. தெருவில் நின்று பார்த்தால் ஒரே வீடு. உள்ளே போனால் மூன்று காலம். முன்கட்டில் இரண்டடி கனத்துக்குச் சுண்ணாம்புக் காரைச் சுவர். நடுவில் பர்மாத் தேக்கோ பனையோ உத்தரமாகக் கிடக்கும் மட்டப்பா, அதாவது கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு ஜல்லி கொட்டி இடித்த தளம். பின்கட்டிலும் மாடியிலும் எழுபதுகளில் தொடங்கி வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழும்பிய சிமெண்ட் கான்கிரீட். இந்த மூன்றும் மூன்று விதமாக முதுமை அடைகின்றன, மூன்று விதமாக எச்சரிக்கை தருகின்றன. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்கு நஞ்சாகிறது.

முதலில் காரைச் சுவர். வாங்க வருபவர் பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான் முகம் சுளிக்கிறார். பூச்சு உதிர்ந்திருக்கிறது, கீழே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது, "சுவர் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார். இந்தக் கடற்கரையில் சுண்ணாம்பு என்பது கடலிலிருந்து வந்தது. பவளக் கல்லையும் கிளிஞ்சலையும் காளவாசலில் சுட்டு நீற்றினார்கள். பவளக் கல்லையே சுவருக்கு அடுக்கினார்கள். 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தின் நிற்கும் சுவர்களில் அந்தக் கல்லை இன்றும் கண்ணால் பார்க்கலாம். இப்படிப்பட்ட சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் ஆற்றிவிடும். ஈரத்தோடு வந்த உப்பு, நீர் ஆவியாகும் இடத்தில் படிகமாகிப் பூச்சைப் பொரிய வைக்கும். உதிர்ந்த பூச்சைச் சுரண்டிவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசுவதுதான் பழைய பராமரிப்பு. உதிரும் பூச்சு, சுவரின் உடம்பைக் காக்கிற தியாகத் தோல். நாம் அந்தத் தோலை உரித்துவிட்டு சிமெண்ட் பூசினோம். சிமெண்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது, உப்பு பூச்சுக்குப் பின்னால் காரைக்குள்ளேயே படிகமாகிச் சாந்தை மாவாக்குகிறது. தரைக்கு விட்ரிஃபைடு டைல்ஸ் போட்டால் தரை வழியாக ஆறிய ஈரமும் சுவர் பக்கம் திரும்புகிறது. ஆகவே விலைக்கு வந்த பழைய வீட்டில் இடுப்பு உயரத்துக்குப் புதிதாக டைல்ஸ் ஒட்டியிருந்தால், அல்லது கீழ் நான்கடி மட்டும் புதுப் புட்டியும் பெயிண்டுமாகப் பளிச்சென்று இருந்தால், ஆய்வாளர் முதலில் நிற்க வேண்டிய இடம் அதுதான். பூச்சு உதிர்ந்து காரை தெரியும் சுவர் தன் நிலையை மறைக்காமல் சொல்கிறது. பளபளக்கும் சுவரைத் தட்டிப் பார்த்தால்தான் தெரியும், பொள்ளென்று கேட்கிறதா கணீரென்று கேட்கிறதா என்று.

மட்டப்பாவில் பார்க்க வேண்டியது வேறு. தேக்கு உத்தரத்தின் நடுப்பகுதி நூறு வருடம் தாண்டியும் இரும்பு மாதிரி இருக்கும். கெடுவது அதன் நுனி. ஓதம் ஏறிய சுவருக்குள் பதிந்திருக்கும் ஒரு சாணில்தான் கரையானும் உளுப்பும் வேலை செய்யும். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு வார்னிஷ் அடித்த நடுப்பகுதிதான் தெரியும். ஏணி போட்டு ஏறி, சுவரோடு சேரும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தால் முனை எவ்வளவு இறங்குகிறது என்பதில் உண்மை வெளிவந்துவிடும். இன்னொரு ஆபத்து, மேலே ஏறியிருக்கும் பாரம். மழைக்கு ஒழுகும்போதெல்லாம் பழைய தளத்தை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தளம் போடுவது நம் பழக்கம். 400 சதுர அடி மொட்டைமாடியில் இப்படி மூன்று அங்குலம் சேர்ந்தால் ஆறு டன்னுக்கு மேல் கூடுதல் எடை. ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால் இன்னும் ஒரு டன். அந்தக் காலத்து ஆசாரி கணக்குப் போட்டு வைத்த கட்டைகள் இதை எதிர்பார்த்தவை அல்ல. இத்தனைக்கும் அவை தாங்கி நிற்கின்றன என்பது அவர்களின் கைத்திறனுக்குச் சான்று. இன்னும் எவ்வளவு தாங்கும் என்பது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய விஷயம்.

உண்மையில் நாம் பயப்பட வேண்டியது மூன்றாவது காலத்தை. வாங்குபவர் பின்கட்டுக்கு வந்து கான்கிரீட் கூரையைப் பார்த்ததும் மூச்சு விடுகிறார், "இந்தப் பக்கம் ஆர்.சி.சி., கவலையில்லை" என்கிறார். கடலோரத்தில் கணக்கு தலைகீழ். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைக் காப்பது சிமெண்டின் காரத்தன்மை. உப்பிலுள்ள குளோரைடு அந்தக் காப்பை உடைத்துவிடுகிறது. துருவாகும்போது இரும்பு தன் பருமனைப் போல இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை பெருக்கிறது. அந்த நெருக்கத்தில் கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. இந்தக் குளோரைடு காற்றிலிருந்து மட்டும் வரவில்லை. கலவைக்கு ஊற்றிய தண்ணீரிலிருந்தும் வந்தது, மணலிலிருந்தும் வந்தது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456. கடல் நீரில் அது ஏறத்தாழ 19,000. நல்ல தண்ணீருக்கே தவித்த ஊரில் கட்டட வேலைக்கு எந்தக் கிணற்று நீர் போயிருக்கும் என்று யாரும் எண்ணிப் பார்க்கலாம். அதே தர நிர்ணயம், கடல் காற்று நேராகப் படும் கட்டடத்தில் கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் வேண்டும், எம்30 தரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. அந்தக் காலத்துத் தளங்களில் வழக்கமாக விட்ட மூடல் 15 மில்லிமீட்டர் அளவே.

நம் கரையின் உப்புக் காற்று எப்படிப்பட்டது என்பதற்கு வெளியூர்ச் சான்று தேவையில்லை. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் மாதிரிகளை வெயிலிலும் காற்றிலும் வைத்து ஆராய்ந்து வந்திருக்கிறது. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பை அரித்ததும் இதே காற்றுதான். அந்தப் பாலம் 2022 டிசம்பர் வரை நூறு வருடத்துக்கு மேல் ரயிலைத் தாங்கியது. ஓயாமல் பார்த்துப் பார்த்துப் பழுது நீக்கியதால்தான் அது முடிந்தது. வீட்டுக் கான்கிரீட்டுக்கு அந்தக் கவனிப்பு கிடைப்பதில்லை. சென்னை திருவொற்றியூரில் 1993இல் கட்டிய அரசுக் குடியிருப்பின் ஒரு பகுதி, 24 வீடுகளோடு, 2021 டிசம்பர் 27 அன்று சரிந்தது. விரிசலைக் கண்டு மக்கள் வெளியேறியிருந்ததால் உயிர்கள் தப்பின. அந்தக் கட்டடத்துக்கு அப்போது வயது இருபத்தெட்டு. கீழக்கரையில் நாம் புதுசு என்று நம்பும் பின்கட்டு மாடிகள் பல அதைவிட மூத்தவை.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அரைகுறை ஆய்வு ஆய்வே இல்லாததைவிட மோசம். கான்கிரீட்டில் சிறு துளையிட்டு ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை இன்னும் இருக்கும் இடம் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் மாறாத இடத்தில் காப்பு போய்விட்டது என்று பொருள். உள்நாட்டு ஊர்களில் இது நல்ல சோதனை. கடலோரத்தில் இதை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். கான்கிரீட் அழகாகச் சிவந்து காட்டும்போதே உள்ளே குளோரைடு கம்பியைத் தின்றுகொண்டிருக்க முடியும். ஆகையால் வெவ்வேறு ஆழத்தில் துளையிட்டுத் தூளெடுத்து ஆய்வகத்தில் குளோரைடு அளவு பார்க்கச் சொல்ல வேண்டும். சுத்தியல் போன்ற கருவியால் மேற்பரப்பைத் தட்டி எண் எடுக்கும் ரீபவுண்ட் ஹேமர் சோதனை மட்டும் செய்து, "ஸ்ட்ராங்கா இருக்கு" என்று சான்று தருபவரின் அறிக்கையை ஏற்கக் கூடாது. மேற்பரப்பின் கடினம் கம்பியின் கதையைச் சொல்லாது.

பத்திரமும் வீடும் வேறு வேறு என்று நினைப்பதிலும் ஒரு பிழை இருக்கிறது. கீழக்கரையில் வீடு பெண் பிள்ளைகளுக்குப் போவது நெடுநாள் வழக்கம். மகள்கள் இருவர் என்றால் முற்றத்தின் நடுவே ஒரு சுவர் எழும்பும், ஒரு வீடு இரண்டாகும். பத்திரத்தில் எல்லை அந்தச் சுவரோடு முடிந்துவிடுகிறது. மேலே ஓடும் உத்தரம் முடிவதில்லை. அதன் ஒரு நுனி அக்கா வீட்டிலும் மறு நுனி தங்கை வீட்டிலும் இருக்கும். தங்கை பாகத்தை வாங்குபவர் அக்கா பாகத்துச் சுவரின் ஓதத்தையும் சேர்த்தே வாங்குகிறார். அந்தப் பாகத்தை நாளை இடித்தால் இவர் கூரைக்கு என்ன ஆகும் என்பதை எந்த வில்லங்கச் சான்றிதழும் காட்டாது. அதுமட்டுமல்ல. இஸ்லாமியச் சட்டப்படியான ஹிபா, அதாவது தானம், வாய்மொழியாகக் கொடுத்தாலும் செல்லும். கொடுப்பதாகச் சொல்லி, பெறுபவர் ஏற்று, சொத்து அவர் வசம் போனால் போதும். சொத்து மாற்றச் சட்டத்தின் 129ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. உச்ச நீதிமன்றம் 2011இல் ஹஃபீசா பீபி வழக்கில் இதை உறுதி செய்தது. பதிவாகாத தானம் வில்லங்கத்தில் வராது. அப்படியானால் யார் எந்த அறையில் இருக்கிறார், எந்த வாசல் யாருடைய புழக்கத்தில் இருக்கிறது, எந்தச் சமையற்கட்டு தனியாகப் புகைகிறது என்பதே உரிமையின் தடயம். ஆய்வாளர் டேப் பிடித்து அறை அறையாக அளந்து வரையும் படத்தைப் பத்திரத்தின் நான்கு மாலோடும் நில அளவை வரைபடத்தோடும் ஒப்பிட்டால், வக்கீல் மேசையில் தெரியாத சில விஷயங்கள் தெரியவரும்.

குறை இருந்தால் விற்பவரைப் பிடித்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அதே சொத்து மாற்றச் சட்டம், 1882, 55ஆவது பிரிவில், தனக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. "சாதாரணக் கவனம்" என்ற அந்த நிபந்தனையில்தான் வாங்குபவர் மாட்டிக்கொள்கிறார். ஏணி போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்று எதிர்த்தரப்பு சொல்லும். கட்டட நிறுவனம் ஐந்து வருடம் கட்டுமானக் குறைக்குப் பொறுப்பு என்று 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் சொல்வது புதுத் திட்டங்களுக்கு; பாட்டி வீட்டுக்கு அது வராது.

"இடித்துவிட்டுத்தானே கட்டப்போகிறோம், ஆய்வு எதற்கு?" என்பது அடுத்த ஆட்சேபம், இருப்பதிலேயே வலுவானதும்கூட. பழைய வீட்டை வெறும் மனை விலைக்குப் பேசுவதன் பின்னணியும் இதுதான். இடிப்பதற்கும் ஆய்வு வேண்டும். பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் இருந்தால், இவர் இடிக்கும்போது அவர் கட்டை எதில் நிற்கும்? கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துகின்றன. கடலுக்கு அருகே இருக்கும் தெருக்களில் இடிப்பது எளிது, திரும்பக் கட்டும் அனுமதி எளிதல்ல. 2019இன் தமிழ்நாடு கட்டட விதிகளில் பக்கவெளிக் கணக்குகள் உண்டு. சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் பழைய வீட்டின் முழுப் பரப்பும் புது வீட்டுக்குக் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இதற்கெல்லாம் மேலாக, எது இடிக்க வேண்டியது என்று தெரியாமலே இடிக்கிறோம். சீராகப் பராமரித்தால் இன்னும் தலைமுறைகள் நிற்கக்கூடிய காரைச் சுவரை உடைத்தெறிந்துவிட்டு, கம்பி துருவேறிய பின்கட்டை "புதுசு" என்று விட்டுவைக்கிறோம். செட்டிநாட்டில் இடித்த வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. ஒரு பழைய வீட்டின் மதிப்பை நுணுகிப் பார்ப்பவர் மர வியாபாரி ஒருவர் மட்டுமே என்ற நிலைக்கு நாம் வந்திருப்பது வேதனை. இலங்கையின் காலிக் கோட்டைக்குள்ளும் பவளக் கல்லும் சுண்ணாம்பும் கலந்த பழைய வீடுகள்தான் இருக்கின்றன. 1988இல் உலகப் பாரம்பரியச் சின்னமான அந்தத் தெருக்களில் பழுது பார்த்த வீடு, பழமைக்காகவே விலை பெறுகிறது. அங்கே உப்புக் காற்று குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

கொத்தனாரைக் கூட்டிப்போய்க் காட்டினால் போதாதா என்றால், கூட்டிப்போகத்தான் வேண்டும். சுண்ணாம்பு நீற்றிப் பூசத் தெரிந்த மூத்த கொத்தனார் கிடைத்தால் அவர் கண் எந்தக் கருவிக்கும் இளைத்ததல்ல. ஆனால் அவர்களில் பலர் போய்விட்டார்கள். இன்று வருபவர் சிமெண்டில் பழகியவர், எல்லா நோய்க்கும் சிமெண்டையே மருந்தாகச் சொல்பவர். மேலும், பழுது பார்க்கும் வேலை தனக்கே வரும் என்று எதிர்பார்ப்பவர் தரும் கருத்தும், கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுபவர் தரும் கருத்தும் ஒன்றாகாது. உள்ளூரிலேயே முகமது சதக் பொறியியல் கல்லூரி 1984இலிருந்து இயங்குகிறது. கட்டடப் பொறியியல் படித்த பிள்ளைகள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு, பெண்கள் உட்பட. சுண்ணாம்புக் கட்டுமானத்தையும் கடலோரக் கான்கிரீட்டையும் சேர்த்துக் கற்ற ஒரு சிறு குழு இந்த ஊரில் உருவாகுமானால் இராமநாதபுரம் கரை முழுவதற்கும் வேலை இருக்கும்.

"குடும்பம் புழங்குகிற வீட்டில் ஆள் வைத்துத் தட்டிப் பார்த்தால் விற்பவர் என்ன நினைப்பார்?" என்ற தயக்கம் உண்மையானது, மரியாதை காக்கிற ஊரில் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. பெண் பொறியாளர் போகலாம், நேரம் சொல்லிவிட்டுப் போகலாம். அதைவிட நல்ல வழியை ஸ்காட்லாந்து காட்டுகிறது. அங்கே 2008 டிசம்பரிலிருந்து வீட்டை விற்பனைக்கு விடுபவரே கட்டட நிலை அறிக்கையைத் தயாராக வைத்திருக்க வேண்டும். கீழக்கரையில் விற்பவர்களும் வெளிநாட்டில், வாங்குபவர்களும் வெளிநாட்டில். துபாயிலிருந்து வாட்ஸ்அப் வீடியோவில் வீட்டைச் சுற்றிப் பார்த்து, பவர் எழுதிக் கொடுத்துக் கிரயம் முடிக்கிறவர்கள் எத்தனையோ பேர். விற்பவர் கையில் அறிக்கை இருந்தால் நல்ல வீட்டுக்கு நல்ல விலை கேட்க அவருக்கும் வாய் இருக்கும். செலவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 50 லட்சம் மதிப்புள்ள கிரயத்துக்கு 7 சதவீத முத்திரைத்தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமுமாக நாலரை லட்சம் அரசுக்குக் கட்டுகிறோம். அந்தத் தொகையில் ஒரு சிறு பங்கை ஆய்வுக்கு ஒதுக்க முடியாத வீடு என்றால், அதன் கூரையைப் பழுது பார்க்கவும் கையில் காசு மிஞ்சாது.

ஒப்பந்தம் எழுதும்போதே இதற்கு ஒரு வரி வேண்டும்: இன்ன தேதிக்குள் வாங்குபவர் தன் செலவில் கட்டட ஆய்வு செய்துகொள்வார், அறிக்கையில் இன்ன அளவுக்கு மேல் பழுதுச் செலவு வந்தால் விலையைத் திருத்திப் பேசலாம் அல்லது அட்வான்ஸைத் திருப்பிப் பெறலாம் என்று. ஆய்வுக்கு வருபவர் தமிழ்நாடு கட்டட விதிகளின்படி பதிவு பெற்ற கட்டுமானப் பொறியாளராக இருக்கட்டும். அறிக்கை "நல்ல நிலையில் உள்ளது" என்ற ஒற்றை வரியாக இல்லாமல், முன்கட்டு, மட்டப்பா, கான்கிரீட் என்று தனித்தனியாகப் படத்தோடும் பழுதுச் செலவோடும் இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் கோடை விடுமுறையில் வீடு பார்க்கிறார்கள். அப்போது மட்டப்பா காய்ந்து கிடக்கும், ஒழுக்கு தெரியாது. ஆனால் சுவரில் உப்பு நன்றாகப் பூத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு பார்த்தால் கூரை ஒழுகும் இடமெல்லாம் தானே காட்டிக்கொடுக்கும். இரண்டையும் பார்க்க அவகாசம் இல்லாதவர் மார்கழியில் பார்க்கட்டும், ஏணியோடு.